கேனோவில் ஃபிஷ் ஃபைண்டர்: பேட்டரி தேர்வு முதல் பொருத்துவது வரை முழுமையான வழிகாட்டி

மோட்டார் படகில் ஃபிஷ் ஃபைண்டர், அதாவது நீருக்குள் ஒலி அனுப்பி ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி, வைப்பது அரை நாள் வேலை. பின்பலகையில் நாலு திருகு, எஞ்சின் பேட்டரியிலிருந்து இரண்டு வயர், அப்புறம் அது படகோடு படகாக இருந்துவிடும். துடுப்பு போட்டு ஓட்டும் ஒல்லியான படகான கேனோவில் அதெல்லாம் கிடையாது. எஞ்சின் இல்லை, ஆகவே பேட்டரியும் இல்லை. இரண்டு முனையும் கூர்மையாக முடிவதால் திருகு போடப் பின்பலகை இல்லை. பல நாள் பயணம் என்றால், ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி வரும்வரை கேனோவைக் கவிழ்த்துத் தோளில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும். அந்த நடையில், கேனோவில் தொங்கும் ஒவ்வொரு வயரும் ஏதாவது ஒரு கிளையில் மாட்டும்.

அதனால் எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். கரையைத் தொட்ட ஒரு நிமிடத்துக்குள் கருவி முழுவதும் கழன்று ஒரே பைக்குள் போய்விட வேண்டும். எந்த பேட்டரி, எந்த கிளாம்ப், எங்கே வைப்பது என்று குழப்பம் வரும்போதெல்லாம் இதைக் கேட்டுப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கருவி எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

கேனோவுக்கு நாலைந்து அங்குலத் திரை போதும். கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்ட் மூன்றிலும் இந்த அளவில் எளிய கருவிகள் உண்டு. துடுப்பு போடுபவரின் கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட இருக்காது. அந்தத் தூரத்தில் சின்னத் திரையே தெளிவாகத் தெரியும். ஏழு அங்குலத்துக்குப் போனால் மின்சாரச் செலவு இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும், அதற்கேற்ற பேட்டரியையும் நீங்கள்தான் சுமக்க வேண்டும். கேனோப் பயணத்தில் ஃபிஷ் ஃபைண்டரின் முதல் வேலை ஆழம் காட்டுவது. சரிவு எங்கே தொடங்குகிறது, அடியில் பாறையா சேறா, தண்ணீரின் வெப்பம் என்ன என்பதெல்லாம் தெரிந்துவிட்டால் மீன் இருக்கும் இடத்தை நீங்களே ஊகித்துவிடலாம். பக்கவாட்டைப் படம்பிடிக்கும் வசதிகளுக்காகப் பெரிய கருவி வாங்கிச் சுமப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு வகையும் இருக்கிறது: தூண்டில் நூலின் நுனியில் கட்டி எறியும் பந்து போன்ற சோனார் (ஒலியால் ஆழம் பார்க்கும் கருவி). டீப்பர் என்ற பெயரில் வருவது பரவலாகத் தெரிந்தது. உள்ளேயே பேட்டரி இருக்கும்; வைஃபை வழியாக ஃபோனுக்குப் படம் அனுப்பும். வயரும் இல்லை, பொருத்தும் வேலையும் இல்லை. கேனோவின் பக்கத்தில் ஒரு கயிற்றில் கட்டி மிதக்கவிட்டு இழுத்தும் போகலாம். ஆனால் வைஃபை அலை தண்ணீருக்குள் போகாது. பந்து அலையில் முழுகினாலோ, வேகமாக இழுத்து நீருக்குள் அமிழ்ந்தாலோ படம் அறுந்துவிடும். கூடவே ஃபோனின் பேட்டரியும் கரையும். வழி காட்டுவதும், அவசரத்தில் உதவுவதும் அதே ஃபோன்தான் என்றால் யோசித்துச் செய்யுங்கள். ஒரு நாள் பயணத்துக்கு அது நல்ல தேர்வு. இனி வருவது தனித்திரையும் வயரும் உள்ள கருவிகளுக்கு.

மின்சாரம்: வாங்கும் முன் கணக்கு

பேட்டரி வாங்கிய பிறகு எத்தனை மணி நேரம் வரும் என்று பார்ப்பதுதான் பலரும் செய்வது. தலைகீழாகத் தொடங்குங்கள்.

கருவியின் கையேட்டில் 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்று போட்டிருக்கும். நாலு அங்குலக் கருவிகள் பொதுவாக 0.2 முதல் 0.4 ஆம்பியருக்குள் எடுக்கும். கையேட்டை நம்பி நிறுத்திவிடாமல் ஒருமுறை மல்டிமீட்டரை வயரின் நடுவே தொடராக இணைத்து நீங்களே அளந்து பாருங்கள். திரையின் ஒளியை முழுவதும் ஏற்றி ஒரு முறை, பாதிக்குக் குறைத்து ஒரு முறை. மின்சாரத்தை அதிகம் தின்பது திரையின் பின்னொளிதான் என்பது அப்போது கண்கூடாகத் தெரியும். வைஃபை, ப்ளூடூத் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஏரி நடுவில் அவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

இப்போது பெருக்கல். 0.25 ஆம்பியர் எடுக்கும் கருவி, நாளுக்கு 4 மணி நேரம், 5 நாள் பயணம்: 0.25 × 4 × 5 = 5 ஆம்பியர்-மணி. குளிருக்கும் பேட்டரியின் வயதுக்கும் சேர்த்துக் கால் பங்கு கூட்டிக்கொண்டால் 6.25. ஆக, 7 ஆம்பியர்-மணி உண்மையாகவே தரக்கூடிய பேட்டரி ஒன்று வேண்டும். 'உண்மையாகவே' என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதியிருக்கும் அளவை முழுவதுமாக எல்லா பேட்டரியிலிருந்தும் எடுக்க முடியாது.

எந்த பேட்டரி?

சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரி, அதாவது யுபிஎஸ்ஸுக்குள் இருக்கும் கறுப்புச் செங்கல், விலை குறைவு, எங்கும் கிடைக்கும். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி அளவுள்ளது இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். அதைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே கையில் வருவது சுமார் 3.5 ஆம்பியர்-மணிதான். குளிரில் இன்னும் குறையும். சுமந்து நடக்கத் தேவையில்லாத, காலை போய் மாலை திரும்பும் பயணத்துக்கு அது போதும். மேலே போட்ட ஐந்து நாள் கணக்குக்கு அந்தக் கறுப்புச் செங்கல் இரண்டு வேண்டும். நாலரை கிலோவை யார் தூக்குவது?

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிதான் கேனோவுக்கு என் தேர்வு. அதே 7 ஆம்பியர்-மணி ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும், ஏறத்தாழ முழு அளவையும் பயன்படுத்தலாம், நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றினாலும் தாங்கும். இதன் செல் ஒன்று 3.2 வோல்ட், நாலு செல் சேர்ந்து 12.8 வோல்ட். இதற்கென்றே உள்ள, 14.6 வோல்ட்டில் நிற்கும் சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். உறைநிலைக்குக் கீழே, அதாவது 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. பயன்படுத்தலாம், ஏற்றத்தான் கூடாது.

இந்த வகையில் ஒரு விஷயம் பழக வேண்டும். இதன் வோல்ட் அளவு கடைசிவரை 13-ஐ ஒட்டியே நிற்கும், முடியும் தறுவாயில் மளமளவென்று சரியும். திரையின் மூலையில் தெரியும் வோல்ட் எண்ணை வைத்து மீதி எவ்வளவு என்று சொல்லவே முடியாது. லெட்-ஆசிட் பழக்கத்தில் நானும் அந்த எண்ணை நம்பினேன். மூன்றாம் நாள் மதியம் 13 வோல்ட் காட்டியது, 'பாதிக்கு மேல் இருக்கிறது' என்று திரையை முழு வெளிச்சத்தில் ஓடவிட்டேன். மாலையில் மீன் கடிக்கத் தொடங்கும் நேரத்தில் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று சட்டென்று துண்டித்துவிட்டது. மீதி இரண்டு நாளும் நூலில் ஈயக்கட்டி கட்டித்தான் ஆழம் பார்த்தேன். அன்றிலிருந்து வோல்ட்டைப் பார்ப்பதில்லை, மணியை எண்ணுகிறேன். பேட்டரியின் மேல் ஒட்டிய டேப்பில் ஒவ்வொரு நாளும் ஓடிய மணி நேரத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வேன்.

சார்ஜ் ஏற்றும் ஏஏ செல்களும் உதவும். பத்து நிக்கல்-மெட்டல்-ஹைட்ரைடு செல்களைத் தொடராக ஒரு ஹோல்டரில் போட்டால் 12 வோல்ட். செல் ஒவ்வொன்றும் 2 ஆம்பியர்-மணி என்றால், 0.25 ஆம்பியர் கருவிக்கு எட்டு மணி நேரம். மொத்த எடை சுமார் 300 கிராம்தான். இரண்டு நாள் பயணத்துக்கு இதைவிட இலகுவானது இல்லை. எட்டு செல் ஹோல்டர் வாங்கிவிடாதீர்கள்: 9.6 வோல்ட்தான் வரும், 10 வோல்ட்டுக்குக் கீழே விழித்தெழாத கருவிகள் உண்டு.

பவர் பேங்கைப் பற்றிப் பலர் கேட்பார்கள். செய்யலாம். 5 வோல்ட்டை 12 ஆக்கும் யுஎஸ்பி கேபிள் ஒன்று வேண்டும். அல்லது யுஎஸ்பி-சி வழியாக 12 வோல்ட் தரும் பவர் பேங்க் என்றால் அதற்கான டிரிகர் கேபிள் (பவர் பேங்கிடம் 12 வோல்ட் கேட்டு வாங்கும் கேபிள்). எல்லா பவர் பேங்கும் 12 வோல்ட் தராது, அதன் மேல் அச்சிட்டிருக்கும் பட்டியலில் 12 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவைக் கணக்கிடும்போது ஏமாறாதீர்கள்: 20,000 மில்லிஆம்பியர்-மணி என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன கணக்கு. 20 × 3.7 = 74 வாட்-மணி. மாற்றுவதில் போகும் இழப்பு போக 60 சொச்சம். மூன்று வாட் எடுக்கும் கருவிக்கு இருபது மணி நேரம் வரும், மோசமில்லை. குறை இரண்டு. பெரும்பாலான பவர் பேங்குகள் நீர் தாங்காது. மலிவான மாற்றி கேபிள்கள் மின்இரைச்சல் கிளப்பி, திரையில் புள்ளியும் கோடுமாக இறைத்துவிடும். முதலில் வீட்டருகே ஒரு குளத்தில் சோதித்துப் பாருங்கள்.

விமானத்தில் போய் இறங்கித் துடுப்பு போடுபவர்களுக்கு ஒரு சொல். உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 100-க்கும் 160-க்கும் இடையே என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 12.8 × 7 = 89.6, அதாவது 7 ஆம்பியர்-மணி பேட்டரி தாராளமாகப் போகும். 10 ஆம்பியர்-மணி என்றால் 128, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பத்து நாளுக்கு மேல் போகிறவர்கள் மடிக்கும் சோலார் தகடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பேட்டரி வகைக்கு ஏற்ற சார்ஜ் கன்ட்ரோலர் (சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் சிறு கருவி) நடுவில் இருக்க வேண்டும். தகட்டில் எழுதிய வாட் நேர் வெயிலில், நேர் கோணத்தில் மட்டுமே கிடைக்கும். மரநிழல் பாதி விழுந்தாலே ஏறக்குறைய நின்றுவிடும். முகாமில் ஓய்வெடுக்கும் நாளில் கைகொடுக்கும். அதை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

வயரும் பெட்டியும்

பிளஸ் வயரில், பேட்டரிக்கு மிக அருகில், ஃபியூஸ் இருக்க வேண்டும். கருவியோடு வரும் கையேடு சொல்லும் அளவையே போடுங்கள். சிறிய கருவிகளுக்குப் பெரும்பாலும் 3 ஆம்பியர். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் வயர் உருகும் அளவுக்கு மின்சாரம் கொட்டும், கேனோவில் தள்ளி நிற்க இடம் கிடையாது. உதிரி ஃபியூஸ் இரண்டை பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்துவிடுங்கள்.

பேட்டரி முனையில் மாட்டும் சின்னக் கிளிப்புகளை மாற்றி மாட்ட வாய்ப்புண்டு, குறிப்பாக இருட்டில். ஒரு பக்கமாக மட்டுமே பொருந்தும் கனெக்டரைச் சால்டர் வைத்துப் பொருத்தி, மேலே பசை உள்ள ஹீட் ஷிரிங்க் குழாய் (சூடாக்கினால் சுருங்கி இறுகுவது) ஏற்றிவிட்டால் அந்தக் கவலை போயிற்று. பேட்டரிப் பக்கம் வெளியே நீட்டாத பெண் முனை இருக்கட்டும். பைக்குள் சாவியோ தூண்டில் முள்ளோ பட்டாலும் ஷார்ட் ஆகாது. கனெக்டரில் சிறிது சிலிகான் கிரீஸ் தடவினால் பச்சைக் களிம்பு பிடிக்காது.

பேட்டரிக்கு ரப்பர் வளையம் உள்ள, நீர் புகாத சின்னப் பெட்டி ஒன்று எடுங்கள். பக்கத்தில் ஒரு துளை, அதில் கேபிள் கிளாண்டு (வயரைச் சுற்றி நீர் புகாமல் இறுகும் மூடி), அதன் வழியாக வயர். பேட்டரி உள்ளே ஆடாமல் இருக்க ஃபோம் வையுங்கள். லெட்-ஆசிட் என்றால் சார்ஜ் ஏற்றும்போது மூடியைத் திறந்தே வைக்க வேண்டும். வாயு வெளியேற வழி இல்லாத பெட்டியில் அதை ஏற்றுவது ஆபத்து.

பெட்டியைக் கேனோவின் தரையில், நடுக்கோட்டில், பின்இருக்கைக்கு முன்னால் வைத்துக் குறுக்குக்கட்டையோடு கட்டிவிடுங்கள். ஒரு கிலோ எடைகூட ஓரத்தில் இருந்தால் கேனோ சாய்வது உங்களுக்கு உடனே தெரியும். கட்டாமல் விட்டால் கவிழும்போது கருவியையும் இழுத்துக்கொண்டு அடிக்குப் போய்விடும்.

டிரான்ஸ்டியூசர்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

திரையில் எவ்வளவு செலவழித்தாலும், தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசர் சரியாக அமையவில்லை என்றால் அது வெறும் விளக்குதான். டிரான்ஸ்டியூசர் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எங்கே வைப்பது என்பது தானாகவே புரியும். உள்ளே இருக்கும் படிகம் மின்துடிப்பை ஒலித்துடிப்பாக மாற்றிக் கீழே அனுப்புகிறது. ஒலி நன்னீரில் நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் போய், தரையிலோ மீனிலோ பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை வைத்துக் கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. இந்த ஒலி கூம்பு வடிவில் விரியும். 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பின் கோணம் பல கருவிகளில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்படியானால் 10 மீட்டர் ஆழத்தில் நீங்கள் பார்ப்பது சுமார் 3.5 மீட்டர் அகலமுள்ள வட்டம், அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, டிரான்ஸ்டியூசரின் முகம், அதாவது ஒலி வெளிவரும் அடிப்பரப்பு, தண்ணீர் மட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும். 10 டிகிரி சாய்ந்தால் 20 மீட்டர் ஆழத்தில் கூம்பின் நடு மூன்றரை மீட்டர் தள்ளிப் போய்விடும். நீங்கள் தூண்டில் இறக்குவது ஓரிடம், திரை காட்டுவது வேறிடம். இரண்டு, டிரான்ஸ்டியூசருக்கும் தண்ணீருக்கும் நடுவே காற்று இருக்கவே கூடாது. காற்றின் எல்லையில் ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். குண்டூசித் தலை அளவு குமிழிகள் சில போதும், படம் மங்கிவிடும்.

பொருத்த இரண்டு வழிகள் உண்டு: கேனோவின் உள்ளே அடித்தளத்தில் வைத்து அதன் வழியாகவே ஒலியை அனுப்புவது; வெளியே ஒரு நீளச் சட்டத்தில் (இதைத்தான் 'கை' என்கிறேன்) தொங்கவிடுவது.

உள்ளே வைப்பது எப்போது சரிப்படும்

அது உங்கள் கேனோ எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. இடையில் ஒன்றுமில்லாத கண்ணாடியிழை, ஒற்றை அடுக்கு பிளாஸ்டிக் இரண்டிலும் ஒலி நன்றாகப் போகும். கெவ்லர் என்ற வலுவான செயற்கை இழையால் ஆன கேனோவில் இடத்துக்கு இடம் மாறும். பல இலகுவான கெவ்லர் கேனோக்களில் அடித்தளத்தின் நடுவே ஃபோம் பதித்திருப்பார்கள், அந்த இடம் உதவாது. ஓரமாக வெறும் துணி மட்டும் உள்ள இடம் இருந்தால் முயலலாம். மூன்றடுக்கு பாலிஎத்திலீன், பழைய ராயலெக்ஸ் என்ற அடுக்கு பிளாஸ்டிக் இரண்டிலும் நடு அடுக்கு ஃபோம். ஃபோம் என்றால் காற்றுக் குமிழிகளின் கூட்டம்தான், ஒலி போகாது. மரக் கேனோவிலும் நம்ப முடியாது. அலுமினியத்தில் நன்றாக ஒட்டினால் ஓரளவு வரும், ஆனால் கணிசமாக இழப்பீர்கள்.

ஒட்டும் முன் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஐந்து மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்துக்குப் போங்கள். டிரான்ஸ்டியூசரை முதலில் கேனோவுக்கு வெளியே நீரில் பிடித்து ஆழத்தைப் பாருங்கள். பிறகு ஜிப் பையில் தண்ணீர் நிரப்பி, காற்றை முழுவதும் வெளியேற்றி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் போட்டு, உள்தரையையும் ஈரமாக்கி அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். அதே ஆழம், தரைக்கோடு மட்டும் கொஞ்சம் மங்கல் என்றால் அந்த இடம் சரி. எண் துள்ளினால், அல்லது தரையே காணாமல் போனால், இந்த வழியை விட்டுவிடுங்கள்.

சரி வந்தால் உடனே எபாக்சி ஊற்றி நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டும் என்றில்லை. நான் விரும்புவது ஃபோம் தொட்டில். நீர் உறிஞ்சாத கெட்டியான ஃபோம் கட்டை ஒன்றில் டிரான்ஸ்டியூசர் இறுக்கமாக உட்காரும் அளவுக்குக் குழி வெட்டுங்கள், அடிவரை திறந்திருக்க வேண்டும். கட்டையைச் சுற்றிலும் கசியாதபடி தரையில் ஒட்டுங்கள். குழிக்குள் ஒரு கை தண்ணீர் விட்டு டிரான்ஸ்டியூசரை மெதுவாகச் சாய்த்து இறக்கினால் காற்று பக்கவாட்டில் போய்விடும். கரையில் தூக்கும்போது டிரான்ஸ்டியூசரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். மறுகரையில் மீண்டும் ஒரு கை தண்ணீர். மின்வேலைக்காரர்கள் குழாய் வாயை அடைக்கும் காயாத புட்டியிலும் இதைச் செய்யலாம், வாடகைக் கேனோவுக்கு அதுதான் நல்லது. புட்டியை நன்றாகப் பிசைந்து, நடுவில் மேடாக வைத்து, டிரான்ஸ்டியூசரைத் திருகியபடி அழுத்துங்கள். நேராக அழுத்தினால் நடுவில் காற்று சிறைப்படும்.

உள்ளே வைத்தால் தண்ணீரின் வெப்பம் தெரியாது, கேனோவின் தரை வெப்பம்தான் தெரியும். 455 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்யும் நுண்படங்களும் பெரும்பாலும் கெட்டுப்போகும்.

வெளியே தொங்கும் கை: படிப்படியாக

எந்தப் பொருளால் ஆன கேனோவுக்கும் இது பொருந்தும், வாடகைக் கேனோவிலும் துளை போடாமல் மாட்டலாம். என் பயணங்களில் பெரும்பாலும் இதுதான்.

1. கைக்கு 55 முதல் 65 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு மரச்சட்டமோ அலுமினியப் பட்டையோ எடுங்கள். உங்கள் கேனோவில் சாமான் முழுவதும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்த பிறகு, பின்இருக்கைக்கு அருகே மேல்விளிம்பிலிருந்து தண்ணீர்வரை எவ்வளவு என்று அளந்துவிட்டுத்தான் வெட்ட வேண்டும். வெறும் கேனோவில் அளந்தால் கணக்கு தப்பும். மரம் என்றால் இரண்டு பூச்சு வார்னிஷ்.

2. கீழ்முனையில் டிரான்ஸ்டியூசரோடு வந்த கொக்கித் தகட்டைத் துருப்பிடிக்காத திருகால் பொருத்துங்கள். முகம் கீழ்நோக்கி, கூர்முனை முன்நோக்கி.

3. மேல்முனையில் சுமார் 20 சென்டிமீட்டர் நீளக் குறுக்குத்துண்டு ஒன்று. இது கேனோவின் மேல்விளிம்பில் படுக்கும். கையையும் குறுக்குத்துண்டையும் ஒரே ஒரு போல்ட்டால் இணைத்து, நடுவில் நைலான் வாஷர், வெளியே கையால் திருகும் பட்டாம்பூச்சி நட். இந்த மூட்டு கை தானாக ஆடாத அளவுக்கு இறுக்கமாகவும், பாறையில் மோதினால் பின்னோக்கி மடியும் அளவுக்கு இளக்கமாகவும் இருக்க வேண்டும்.

4. குறுக்குத்துண்டை இரண்டு சி-கிளாம்ப் போட்டு மேல்விளிம்போடு பிடியுங்கள். விளிம்பு நசுங்காமல் இருக்க நடுவே ரப்பர் துண்டு.

5. கையின் கீழ்ப்பாதியிலிருந்து முன்னால் இருக்கும் குறுக்குக்கட்டைக்கு மெல்லிய எலாஸ்டிக் கயிறு ஒன்று கட்டுங்கள். ஓட்டத்தில் தண்ணீர் கையைப் பின்னோக்கித் தள்ளும். கயிறு அதை நிமிர்த்தி வைக்கும், மோதினால் நீண்டு கொடுக்கும்.

6. தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு. கிளாம்ப் கழன்றாலும் கை அடிக்குப் போகக் கூடாது. அந்த இழுப்பை வயர் தாங்கக் கூடாது, கயிறுதான் தாங்க வேண்டும்.

மூட்டு வைக்காமல் முதலில் நான் செய்த கை, ஆழமில்லாத இடத்தில் மூழ்கிக் கிடந்த மரத்தில் மோதியபோது கிளாம்ப்போடு பிய்ந்துகொண்டது. டிரான்ஸ்டியூசருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் வயர் இழுத்த இழுப்பில் திரையின் பின்னால் இருக்கும் கனெக்டரின் ஊசிகள் வளைந்துவிட்டன. மூன்றாவது ஐந்தாவது படிகள் அதற்குப் பிறகு வந்தவை.

எங்கே மாட்டுவது? பின்னால் உட்காருபவரின் கைக்கெட்டும் தூரத்தில், அவர் வழக்கமாகத் துடுப்பு போடாத பக்கத்தில், இருக்கைக்குச் சற்றுப் பின்னால். துடுப்பு கிளப்பும் குமிழிகள் முகத்துக்குக் கீழே போகக் கூடாது. முன்னால் உட்கார்ந்தவரின் துடுப்புச் சுழலும் அந்தப் பக்கமாகவே வருகிறதா என்று கவனியுங்கள். முகம் தண்ணீருக்குள் ஐந்து சென்டிமீட்டராவது இருந்தால், கேனோ ஆடும்போதும் வெளியே வராது. கேனோவின் அடித்தளத்துக்கும் கீழே நீட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, கூம்புக்குள் கேனோவின் வயிறு வராமல் இருந்தால் போதும். பின்பகுதி குறுகலாக இருப்பதால் அங்கே அது எளிது. ஆழம் குறைந்த இடத்திலும், கரையேறும்போதும், நீரோட்டம் வேகமெடுக்கும் முன்னும், கையை மேலே மடித்துவிடுங்கள்.

உறிஞ்சிக் கப்பில் ஒட்டும் டிரான்ஸ்டியூசர்களும் விற்கிறார்கள். வழவழப்பான, சுத்தமான பரப்பில் பிடிக்கும். கீறல் விழுந்த, சொரசொரப்பான கேனோவில் அரை மணிக்கு ஒருமுறை கழன்றுவிடும்.

திரையை எங்கே வைப்பது

பின்இருக்கைக்கு முன்னால் இருக்கும் குறுக்குக்கட்டைதான் இயல்பான இடம். கட்டையைக் கவ்வும் கிளாம்ப்பின் மேல் பந்துமூட்டுத் தாங்கி வைத்தால் வெயில் கண்ணில் அடிக்காதபடி திருப்பிக்கொள்ளலாம். அகலமான பலகைத் துண்டு ஒன்றில் தாங்கியைத் திருகி, பலகையை இரண்டு வெல்க்ரோ பட்டையால் கட்டையோடு கட்டினாலும் அதே பலன்தான், செலவு குறைவு. திரை மேல்விளிம்பைவிட உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடுப்பும் தூண்டில் நூலும் அதில் மாட்டாது.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கேனோ கவிழ்ந்தால் கால் தடையில்லாமல் வெளியே வர வேண்டும். உங்கள் முழங்காலுக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு வயர்கூடக் குறுக்கே போகக் கூடாது. மிச்சமாக இருக்கும் வயரைத் தளர்வாகச் சுருட்டி, வெல்க்ரோவால் கட்டையின் அடியில் கட்டுங்கள். டிரான்ஸ்டியூசர் வயரை நீளம் அதிகம் என்று வெட்டிக் குறைக்காதீர்கள். அது சாதாரண வயர் இல்லை, வெட்டினால் தரம் போய்விடும். அதையும் மின்சார வயரையும் ஒன்றாக முறுக்கவும் வேண்டாம். திசைகாட்டி வைத்திருப்பவர்கள் அதைத் திரையிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் தள்ளி வையுங்கள், முள் விலகிக் காட்டும்.

ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். மழைக்கும் தெறிப்புக்கும் போதும். பின்னால் இருக்கும் கனெக்டர் கழன்றிருக்கும்போது மூடி போட்டு வையுங்கள்.

முதல் ஓட்டம்

டிரான்ஸ்டியூசர் தண்ணீரில் இறங்கிய பிறகு கருவியை ஓடவிடுங்கள். ஆழம் தெரிந்த இடத்தில், கயிற்றில் கல் கட்டி இறக்கி, திரையின் எண்ணோடு ஒப்பிடுங்கள். டிரான்ஸ்டியூசர் ஐந்து சென்டிமீட்டர் முழுகியிருந்தால் அந்த வித்தியாசம் இருக்கும். அமைப்பில் சேர்த்துவிடலாம், விட்டுவிட்டாலும் குற்றமில்லை. திரையின் மேற்பகுதி முழுவதும் பொரிப்பொரியாகத் தெரிந்தால் உணர்திறனைக் கொஞ்சம் குறையுங்கள்.

கேனோ மெதுவாக நகர்வதால் படம் மோட்டார் படகில் பார்த்தது போல இருக்காது. கூம்பைக் கடந்துபோகும் மீன்தான் வளைவாகத் தெரியும். நீங்கள் அசையாமல் இருந்து, மீனும் கீழேயே நின்றால், நீளமான கோடாகத்தான் தெரியும். அது மீனில்லை என்று நகர்ந்துவிடாதீர்கள். கெட்டியான தரை பளிச்சென்று தடிப்பாகத் தெரியும், அதன் இரு மடங்கு ஆழத்தில் இரண்டாவது எதிரொலிக் கோடும் சில நேரம் வரும். சேறு மங்கலாகத் தெரியும்.

நாள் முழுவதும் ஓடவிட வேண்டியதில்லை. ஏரியைக் கடக்கும்போது அணைத்துவிட்டு, சரிவைத் தேடும்போதும் மீன்பிடிக்கும்போதும் போடுங்கள்.

தூக்கி நடக்கவும், எடுத்து வைக்கவும்

கரையேறும் வரிசை எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும்: கருவியை அணை, மின்சாரக் கனெக்டரைக் கழற்று, கையை மடித்துக் கிளாம்ப்பைத் திருகி எடு, திரையைத் தாங்கியிலிருந்து பிடுங்கு. நான் திரையை ஒரு துணியில் சுற்றி, டிரான்ஸ்டியூசர் வயரைக் கையின் மேலேயே சுற்றி, எல்லாவற்றையும் நீர் புகாத ஒரே பையில் போடுகிறேன். பேட்டரிப் பெட்டி பையின் அடியில், முதுகோடு ஒட்டி. வீட்டு முற்றத்தில் கேனோவை வைத்து இதை மூன்று நாலு முறை செய்து பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் எந்தத் திருகு நேரத்தைத் தின்கிறது என்று பார்த்து, அதை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலும் அது சி-கிளாம்ப்பாக இருக்கும். கை சரியான இடத்தில் அமைந்துவிட்டது என்று உறுதியான பிறகு, ஒரே அழுத்தில் திறக்கும் கிளாம்ப்புக்கு மாறிக்கொள்ளலாம்.

திரும்பி வந்ததும் கனெக்டர்களைத் திறந்து ஒரு நாள் காயவிடுங்கள். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் படிந்த பாசியைச் சோப்பு நீரில் மெல்லிய துணியால் துடையுங்கள், சுரண்ட வேண்டாம். பருவம் முடிந்து மாதக்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால் லித்தியம் பேட்டரியைப் பாதிச் சார்ஜில், குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். லெட்-ஆசிட் என்றால் முழுவதும் ஏற்றி வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றுங்கள். காலியாக விட்டால் அடுத்த பருவத்தில் உயிர் இருக்காது.